ஆர்கிட்டுக்குப் பட்டைத்தூள் வைத்தியம்

இன்று காலை மலைமேல் இருக்கும் எங்கள் வளப்பூர் நாட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்தேன். காலடியில் நான்கு வருடமாக வளர்த்த ஆர்கிட் தொட்டி. இப்போதுதான் முதன்முதலாக மொட்டு விட்டிருக்கிறது. காளப்பநாயக்கன்பட்டியில் புது வீடு கட்டியிருக்கும் தங்கைக்குக் கொண்டுபோனேன்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் பின் சீட்டு அக்காவின் பலாப்பழம் உருண்டு வந்து தொட்டியில் மோதியது. மொட்டு தப்பியது. இரண்டு இலைகள் கிழிந்து தொங்கின.

அக்கா பதறிப்போனார். "ஐயோ, தெரியாம உருண்டுருச்சுங்க. சுண்ணாம்பு தடவட்டுங்களா?"

"வேண்டாங்க்கா, வெந்துபோயிரும். பட்டைத்தூள் வெக்கோணும். காயம் அழுகுனா செடியே போயிரும்."

இறங்கியதும் பட்டை கேட்க அவரும் என்னோடு டீக்கடைக்கு வந்தார். "இஞ்சியும் ஏலக்காயுந்தானுங்க இருக்குது" என்றார் கடைக்காரர். அக்கா விடவில்லை. பக்கத்து பிரியாணிக் கடையில் பட்டை கேட்டு வாங்கி வந்து, இஞ்சி இடிக்கும் உரலிலேயே இடித்துக் கொடுத்தார்.

நான் கத்தியை அடுப்பில் காட்டி ஆறவிட்டு, கிழிந்த பகுதியை அறுத்தேன். வெட்டிய இடத்தில் மட்டும் தூளை ஒற்றினேன். வேரில் பட்டால் வேர் காய்ந்துவிடும் என்பதால் மூச்சைக்கூட விடவில்லை. டீ குடிக்க வந்தவர்கள் ஆபரேஷன் பார்ப்பதுபோல் சுற்றி நின்றார்கள்.

வீட்டுக்குப் போனதும் தங்கை தொட்டியை மோந்து பார்த்தாள். "என்னண்ணா, குருமா வாசம் வருது?"

இந்த மொட்டைப் பூக்க வைக்காமல் விடமாட்டேன். ஆனால் காயம் காயும்வரை தண்ணீர் ஊற்றாதே என்று சொன்ன பிறகும் தங்கை சொம்போடு நிற்கிறாள். இதற்கு ஏதாவது கைவைத்தியம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.