தடை போட்டால் வகுப்பு

குற்றாலம் மெயினருவியில் வெள்ளம் பெருகி அபாயச் சங்கு ஊதினால் குளிக்க வந்தவர்கள் முகமெல்லாம் சுருங்கிவிடும். ஈரத் துண்டோடு நின்று போலீசாரைப் பார்த்து முணுமுணுப்பார்கள். எனக்கோ இன்றும் அந்தச் சத்தம் கேட்டால் சந்தோஷமாக இருக்கிறது. காரணம், எங்கள் லீடர்.

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில், படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரும் தலைமைப் பண்பும் இலவசமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சீசன் பிறந்ததும் வகுப்பு காலி. பஜ்ஜிக் கடை, துண்டுக் கடை, பழக்கடை என்று அத்தனை பேரும் குற்றாலத்துக்குப் போய்விட்டார்கள். ஆள் வராவிட்டால் தேர்வு கிடையாது, மையத்தையே மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீடுகளில் உலை கொதிப்பதே சீசன் காசில்தான்.

வகுப்பு லீடர், அம்மாவோடு பஜ்ஜி போடும் பெண். ஒருநாள் போன் செய்தாள். "மிஸ், அருவில குளிக்கத் தடை போட்டுட்டாவ. கடைல ஈ ஓட்டுதோம். லேப்டாப்ப எடுத்துக்கிட்டு ஆட்டோல இங்கன வந்துருங்க."

போனேன். தார்ப்பாய்க்கு அடியில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அன்றிலிருந்து தடை போட்டால் வகுப்பு, தடை நீங்கினால் வியாபாரம். ஏழு ஜென்மம் எடுத்தாலும் எனக்கு இது தோன்றியிருக்காது.

தேர்வோ ஞாயிற்றுக்கிழமை வந்து தொலைந்தது. அருவியில் அளவாகத் தண்ணீர், கூட்டம் அலைமோதியது. கடையை விட்டு யார் வருவார்? லீடர் கடை கடையாகப் போனாள். "ஒவ்வொருத்தரா தென்காசி போயி எழுதிட்டு வாங்க. ஒங்க கடைய நான் பாத்துக்கிடுதேன்." பக்கத்துக் கடைக்காரன் தங்கள் கல்லாப் பக்கம் திரும்பினாலே முறைக்கிற ஆட்கள் அவர்கள். அவளிடம் கல்லாவை விட்டுவிட்டு வந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பு அடங்கவில்லை.

எல்லாரும் எழுதியாயிற்று, அவளைத் தவிர. தேர்வு நடத்தத் திருநெல்வேலியிலிருந்து வந்த தேர்வாளர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று பையை மூடினார். நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். அவர் வாசலைத் தாண்டும்போது மாடிப்படியில் திமுதிமுவென்று சத்தம். எழுதிவிட்டுப் போனவர்கள் எல்லாரும், நல்ல வியாபார நேரத்தில் கடைகளைச் சாத்திவிட்டு, அவளை நடுவில் விட்டுக் கூட்டி வந்திருந்தார்கள்.

"லீடர் எழுதாம நாங்க கடை தொறக்க மாட்டோம் சார்."

தேர்வாளர் திரும்பி வந்து உட்கார்ந்து பையைத் திறந்தார். கடலைமாவு காய்ந்த விரல்களோடு அவள் டைப் அடிக்கத் தொடங்கினாள். ஒருவரும் கடைக்குத் திரும்பவில்லை. படி முழுக்க நின்றுகொண்டே இருந்தார்கள்.