கல்லைத் தட்டும் சிப்பாய்

உறவினர் திருமணத்துக்காக யாங்கோன் வந்திருக்கிறேன். தமிழ் பேசுவோர் நிறைந்த பபேடான் பகுதியின் நடைபாதையில் பழைய புத்தகக் கடை. தோளில் தூங்கும் மகளின் தலையைத் துப்பட்டாவால் மூடியபடி, பழங்காலப் படைகளின் வண்ணப்படத் தொகுப்பு ஒன்றைப் புரட்டுகிறேன். ராணுவத்தில் எல்லையில் இருக்கும் கணவரிடமிருந்து நான்கு நாளாக அழைப்பு இல்லை. இந்த நேரத்தில் போர்ப் படங்களைப் பார்க்கலாமா என்றும் தெரியவில்லை.

ஒரு படத்தில் கை நின்றுவிடுகிறது. அணி முன்னே போக, ஒரு சிப்பாய் மட்டும் ஒற்றைக்காலில் நின்று செருப்பிலிருந்து கல்லைத் தட்டுகிறான். அவன் பிடரியில் வெயிலில் கறுத்த ஒரு கோடு; அதைக்கூட ஓவியர் விட்டுவிடவில்லை. என் கணவருக்கும் அதே இடத்தில் அதே கோடு.

"இந்தப் படக்காரர் இப்படித்தாம்மா. தளபதி மூஞ்சியை அவசரமா முடிச்சிட்டு, இவனுங்ககிட்ட வந்து உட்கார்ந்துக்குவாரு," என்று சிரிக்கிறார் கடைக்கார பாய். "வேணுங்கிற தாளை மட்டும் பிளேடால அறுத்துத் தருவேன். பிரேம் போட அப்படித்தான் வாங்கிட்டுப் போறாங்க."

"இது மட்டும் போதும் பாய்."

"அடுத்த படத்தையும் பாருங்க. இதே ஆளுங்கதான், சண்டைக்குள்ள. இவன் இருக்கானான்னு தேடலாம்."

என் விரல் தாளின் ஓரத்தில் இருக்கிறது. பிறகு, விரித்தபடியே புத்தகத்தை அவரிடம் நீட்டுகிறேன்.

"நீங்களும் திருப்பிப் பார்க்காம அறுங்க பாய்."