தம்புசாமியின் இடது கண்

வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் சாலையைப் பார்க்கிறார் தம்புசாமி. போர்ட் கிள்ளான் பக்கம் ஒரு லோரி போகிறது. அதன் மேலிருக்கும் கண்டெய்னரின் ஏழு இலக்க எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சொன்னது சரிதானா என்று கையை எடுத்துப் பார்ப்பதற்குள் லோரி போய்விடுகிறது. "கரெக்டாதான் இருக்கும் லா," என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துவிட்டு, பாலும் சீனியும் போடாத தே ஓ தேநீரைக் குடிக்கிறார். கூடவே தேங்காய்க் குவே என்ற இனிப்புப் பலகாரம் ஒன்றும் உள்ளே போகிறது. அந்தச் சீனியைப் பற்றி யாரும் கேட்கக்கூடாது.

துறைமுகத்தில் கண்டெய்னர் எண்களைச் சரிபார்ப்பதுதான் முப்பத்தொரு வருடமாக அவர் வேலை. ஓர் இலக்கம் தப்பினால் சரக்கு வேறு நாட்டுக்குப் போய்விடும் என்பார். எந்த எண்ணும் ஒருமுறை பார்த்தால் போதும், மனதில் ஒட்டிக்கொள்ளும். பத்து வருடத்துக்கு முன் நான் விற்ற காரின் எண்ணை எனக்கே ஞாபகப்படுத்துகிற மனிதர்.

இனிப்பு நீர் வியாதியால் இடது கண்ணின் விழித்திரை வீங்கியதிலிருந்து, மாதம் ஒருமுறை அந்தக் கண்ணுக்குள் ஊசி. ஊசி போட்ட கண்ணோடு கார் ஓட்டக்கூடாது. மனைவி இராஜம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. அதனால் பக்கத்து வீட்டுக்காரனான நான்தான் சாரதி. ஊசிக்கு அவர் பயந்ததே இல்லை. "எறும்புக் கடிதான் லா," என்பார். திரும்பும் வழியில் கண்ணுக்குள் மிதக்கும் கருப்பு உருண்டைகளை எண்ணிக்கொண்டே வருவார். பயமெல்லாம் வருடக் கடைசியில் வரும் கம்பெனியின் கண் பரிசோதனைக்குத்தான். அதில் தேறாவிட்டால் வேலை இல்லை.

ஐந்தாவது ஊசிக்குப் போனபோது டாக்டர் குழம்பிப்போனார். சுவரில் மாட்டியிருந்த எண் அட்டையைத் தம்புசாமி இடது கண்ணால் கடைசி வரி வரை கடகடவென்று படிக்கிறார். ஸ்கேனிலோ வீக்கம் அப்படியே இருக்கிறது. நர்ஸ் ஜரீனா அந்த அட்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டி, மறுபடி படிக்கச் சொன்னார். தம்புசாமி மறுபடியும் கடகடவென்று படித்தார், பழைய அட்டையை.

கூட நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"நான் மனப்பாடம் பண்ணல மிஸ்ஸி," என்றார். "பார்த்தா அதுவா ஒட்டிக்குது. எது கண்ணு பார்க்குது, எது மண்டை சொல்லுதுன்னு எனக்கே தெரியல."

"ஊசி வேலை செய்யுதான்னு உங்க கண்ணுதானே சொல்லணும் அங்கிள்," என்றார் ஜரீனா. "செய்யலன்னா டாக்டர் மருந்தை மாத்தணும். நாள் போயிடுச்சுன்னா அந்தப் பார்வை திரும்பி வராது."

புது அட்டையில் அவரால் மூன்றாவது வரியைத் தாண்ட முடியவில்லை. டாக்டர் மருந்தை மாற்றினார். அன்று வீடு வரும்வரை தம்புசாமி உருண்டைகளை எண்ணவில்லை. இந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அந்தப் பயணத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த மாதம் அதே கிளினிக். பரிசோதனை அறையின் கதவு திறந்து கிடந்தது. காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தால் நல்ல கண்ணுக்கு அந்தப் புது அட்டை நன்றாகவே தெரியும். உட்காரப் போன தம்புசாமி நின்றார். அட்டைக்கு முதுகு காட்டும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டார். ஜரீனா பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை, வெறும் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.