என்னைப் பற்றி விசாரிக்க வந்தவர்

இன்று காலை புதுப்பட்டினத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தேன்.

ஒரு பெரியவர் வந்தார். எனக்குப் பார்த்திருக்கும் பெண்ணுக்கு மாமனாம். கடைக்கார அண்ணனிடம் என் பெயரைச் சொல்லி, "ஆளு எப்படி?" என்று விசாரித்தார். பக்கத்தில் நிற்பது நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

அண்ணன் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "நல்ல ஆளுதான். இன்னும் சைக்கிள்தான் வச்சினு கீறாரு. சம்பளம் வந்தா புக்கு வாங்குவாரு, கச்சேரிக்குப் போவாரு."

"சம்பளம் அதுலயேவா தீர்ந்துபோவுது? குடி, சீட்டாட்டம், சின்ன வூடு எதுனா கீதா?"

போட்டோவில் பார்த்ததிலிருந்தே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. அதனால் சும்மா இருக்க முடியவில்லை. "நான்தாங்க அது" என்றேன்.

அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. என் பையை வாங்கித் திறந்து பார்த்தார். இரண்டு நாவல்களும் காற்றடிக்கும் பம்பும் இருந்தன.

"போன ஞாயித்துக்கிழமை எங்க போனீங்க?"

"மாமல்லபுரத்துல நாதஸ்வரக் கச்சேரி. சைக்கிள்லயே போய்ட்டு வந்தேன்."

"யாரோட?"

"தனியாத்தான்."

"டிக்கெட்டு எவ்ளோ?"

"இலவசங்க."

அவர் முகம் இன்னும் இறுகியது. "அப்ப துட்டெல்லாம் எங்கதான் போவுது தம்பி?"

குடிப்பேன் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார். கல்யாணமானவர்களே, நீங்களெல்லாம் என்ன சொல்லித் தேறினீர்கள்?