முதலிடத்தில் நின்ற பிளாக்பூல்

ஆஸ்டன் வில்லா இறங்கும் என்று ஏசுதாசன் சொன்னபோது மேகமலை எஸ்டேட் கிளப்பில் இருந்த துரைமார் அத்தனை பேரும் சிரித்தார்கள். இங்கிலாந்தில் கால்பந்து லீக் தொடங்கிய நாளிலிருந்து முதல் டிவிஷனை விட்டு இறங்காத டீம் அது. 1936இல் இறங்கியது. மறு வருஷம் மான்செஸ்டர் சிட்டி பட்டம் வாங்கியது. வாங்கிய சூட்டிலேயே, அடுத்த வருஷம் இது படுத்துவிடும் என்றான். 1938இல் அதுவும் இறங்கியது, அந்த வருஷம் மற்ற எல்லா டீமையும்விட அதிகமாகக் கோல் போட்டிருந்தும். 1939 ஏப்ரலில் கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில் உல்வ்ஸ்தான் ஜெயிக்கும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருக்க, போர்ட்ஸ்மவுத் என்று சொன்னவன் அந்த மலைமேல் அவன் ஒருத்தன். போர்ட்ஸ்மவுத் நாலு, உல்வ்ஸ் ஒன்று. இந்த மூன்றும் பேப்பரில் வந்த முடிவுகள். தவறியதும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்: 1938இல் அர்சனல் பட்டம் வாங்காது என்றான், வாங்கிவிட்டது.

ஏசுதாசன் பந்தைக் காலால் தொட்டவன் இல்லை. ஊர் மார்க்கையன்கோட்டை. அக்கா சுகிர்தத்தை மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படிக்க வைத்த அப்பா, தம்பியான இவனைச் சிறு வயதிலேயே பொதிமாடுகளோடு மலைக்கு அனுப்பிவிட்டார். சின்னமனூரிலிருந்து அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் மாட்டு முதுகில் மேலே போகும், ஏலக்காய் கீழே வரும். வெக்கை நோயில் மாடுகள் செத்த வருஷம் அப்பாவும் போய்விட்டார். அதன்பின் ஏசுதாசன் எஸ்டேட்டிலேயே தங்கி, துரைமார் கிளப்பில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தான்.

அங்கேதான் இந்தப் பேச்சு அவன் காதில் விழுந்தது. இருபத்திரண்டு டீம், வருஷத்துக்கு நாற்பத்திரண்டு ஆட்டம், கடைசி இரண்டு டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். துரைமார் விஸ்கி பாட்டிலைப் பந்தயம் வைத்துக்கொள்வார்கள். தபால் பை மலையேறி வந்ததும் எஸ்டேட் ரைட்டர் ராஜமணியிடம் போய்ப் பேப்பரை வாசிக்கச் சொல்லுவான் ஏசுதாசன். யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் கேட்க மாட்டான். அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் எவ்வளவு தூரம், போன ஆட்டம் என்றைக்கு, மழையா வெயிலா என்றெல்லாம் கேட்பான்.

"ஏலே, பந்து உருண்டையா சதுரமான்னு தெரியுமா ஒனக்கு? நீ சோசியம் சொல்ல வந்துட்ட" என்பார் ராஜமணி.

"சோசியம் இல்லய்யா. பொதிமாட்டுல எது ஏறும், எது பாதியில படுக்கும்னு பாத்துப் பாத்துப் பழகுன கண்ணு."

"மாடும் மான்செஸ்டரும் ஒண்ணாடா?"

"மொத வளைவுல ஓடுற மாட்டப் பாத்துருக்கீகளா அய்யா? பாக்க நல்லாத்தான் இருக்கும். சாயங்காலம் அது பொதிய நாமதான் சொமக்கணும்."

அவன் மனைவி கிருபாவதி தேயிலை கிள்ளுகிறவள். கல்யாணமாகி மலைக்கு வந்த இரண்டாம் வருஷம் இழுப்பு வந்தது. தொழிலாளர் லயத்து வீட்டுச் சுவர் வருஷத்தில் பாதி நாள் ஈரம். மஞ்சு இறங்கினால் உட்கார்ந்தபடியே தூங்குவாள். ஒருமுறை மார்க்கையன்கோட்டைக்கு வந்து சுகிர்தம் வீட்டில் தங்கியபோது ஒரு வாரத்தில் நெஞ்சு லேசாகிவிட்டது. கிணற்றில் தண்ணீர்கூட இறைத்தாள்.

"இங்கனயே இருந்துரு ஆத்தா. மலைக்குப் போனா செத்துருவ" என்றாள் சுகிர்தம்.

"எத்தன நாளைக்கு மதினி? புருசன் தள்ளி வச்சுட்டான்னு ஊரு பேசும். அவுக வந்தா நானும் கீழ இருப்பேன்."

அவன் கீழே வர வேண்டுமானால் கீழே வேலை வேண்டும். சின்னமனூரில் எஸ்டேட்டுக்கு ஒரு டிப்போ இருந்தது. மலைக்கு ஏறுகிற சாமான், மலையிலிருந்து இறங்குகிற சரக்கு எல்லாம் அங்கேதான் இறங்கி ஏறும். டிப்போவைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் பின்பக்கம் ஓர் அறை உண்டு. காய்ந்த தரை, ஓட்டுக் கூரை. ஏசுதாசனுக்கு அந்த அறை தவிர வேறு நினைப்பு இல்லாமல் போனது.

போர்ட்ஸ்மவுத் ஜெயித்ததில், அவன் பேச்சை நம்பிப் பந்தயம் வைத்த பெக்வித் துரைக்கு ஒரு பெட்டி விஸ்கி கிடைத்தது. எஸ்டேட்டுக்குப் பெரிய துரை அவர்தான். ஏசுதாசனைக் கூப்பிட்டு, "என்ன வேணும் உனக்கு? என் பழைய கோட்டு தரவா?" என்றார்.

"கோட்டு வேணாங்க தொர. சின்னமனூர் டிப்போ குடுங்க. பொஞ்சாதிக்கு மலை ஒத்துக்கல."

துரை யோசித்தார். டிப்போவில் இருந்த கிழவர் அடுத்த வருஷம் மே மாதம் வேலையை விட்டுப் போகிறவர். மே மாதம் என்றதும் துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "லீக் முடியுற மாசம்! நல்லது. நீ சொல்ற டீம் முதல்ல வந்தா டிப்போ உனக்கு. வரலேன்னா இங்கேயே இரு. எவர்ட்டன் சொல்லக் கூடாது, அது என் டீம்."

மற்ற துரைமார் மேஜையைத் தட்டினார்கள். தபாலோடு வந்து வாசலில் நின்ற ராஜமணியும் கேட்டுக்கொண்டிருந்தார். ஏசுதாசன் இரண்டு நாள் தவணை கேட்டான். ராஜமணியிடம் பழைய பேப்பர்களை எல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மூன்றாம் நாள் பிளாக்பூல் என்றான். பிளாக்பூல் அந்த வருஷம் பதினைந்தாவது வந்த டீம். முதல் டிவிஷனுக்கு ஏறியே இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

"நடுவுல கிடக்குற டீமச் சொல்லி உள்ள பொழப்பையும் கெடுத்துக்கிட்டியேடா" என்றார் ராஜமணி.

"புது மாடு மொத வருசம் மெரளும். ரெண்டாவது வருசம் வழி பழகும். மூணாவது வருசந்தான் அதுக்கு மலை மலையாத் தெரியாதுய்யா. இது மூணாவது வருசம்."

கிருபாவதிக்குச் சொன்னபோது அவள் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள். "எங்கனயோ கெடக்குற அந்தப் பயலுக காலு சுளுக்கிக்கிட்டா நான் மூச்சு விடக் கூடாதாக்கும்?"

ஆகஸ்ட் கடைசியில் லீக் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் பிளாக்பூல் ஜெயித்தது. இரண்டாவதிலும் ஜெயித்தது. ஏசுதாசன் கிளப்பில் தட்டு எடுத்துப் போகும்போது நடையே மாறியிருந்ததாக ராஜமணி பிற்பாடு சொன்னார். செப்டம்பர் ஆறாம் தேதி புதன்கிழமை தபால் பை வந்தது. ராஜமணி பேப்பரை விரித்தவர் சத்தமாக வாசிக்கவில்லை.

"சொல்லுங்கய்யா. தோத்துருச்சா?"

"தோக்கல. லீக்க நிறுத்திப்புட்டாகடா. செர்மன்காரனோட சண்டை வந்துருச்சு."

"மறுபடி எப்ப ஆடுவாக?"

"சண்டை முடியணும்ல."

"நம்ம டீம் எங்கன நிக்குது?"

ராஜமணி விரலை ஓட்டிப் பார்த்தார். "மொதல்ல நிக்குது. மூணு ஆட்டமும் ஜெயிச்சிருக்கு. இருபத்திரண்டு டீம்ல அதுதான் ஒசக்க."

"அப்ப நான் சொன்னது சரிதான?"

ராஜமணி பேப்பரை மடித்து வைத்தார்.

ஏசுதாசன் பெக்வித் துரையிடம் போனான். துரை பட்டாளத்துக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. அவன் சொன்னதை முழுக்கக் கேட்டார். "லீக் இல்லை, பந்தயமும் இல்லை ஏசு. ஆடின ஆட்டமே கணக்கில்லை. நாங்க எல்லாரும் அவங்கவங்க பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கிட்டோம். உனக்கு நஷ்டம் இல்லையே?" என்று கேட்டார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். பழைய கோட்டை எடுத்து அவன் தோளில் போட்டார். அவன் வாங்கிக்கொண்டான்.

புதிதாக வந்த துரை கிளப்பைப் பூட்டிவிட்டார். ஏசுதாசனைக் களை வெட்டுக்கு அனுப்பினார்கள். பழைய துரை கொடுத்த டிப்போ வாக்கைச் சொல்லிக் கேட்க அவன் ராஜமணியைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனான். உள்ளே போன ராஜமணி சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்.

"எழுத்துல இருக்கான்னு கேக்குறாக. இல்லேன்னேன்."

"நீங்க அன்னைக்கு இருந்தீகளே அய்யா."

"இருந்தேன். ரெண்டாந்தரம் சொன்னா நானும் ஒன்கூடக் களை வெட்டத்தான் வரணும். புள்ளகுட்டி இருக்கு ஏசு, என்னைய விட்டுரு."

ஐப்பசியில் பிடித்த மழை விடவில்லை. கார்த்திகையில் கிருபாவதியால் எழுந்து நிற்க முடியவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று ஏசுதாசன் முடிவு செய்தான். அந்த முடிவைப் போன வருஷமே எடுத்திருக்கலாம் என்று சுகிர்தம் ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை. கம்பளியில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, அடுத்த வீட்டுச் சீனிச்சாமி முன்னாலும் அவன் பின்னாலுமாகச் சுமந்து இறங்கினார்கள். மாடுகளோடு அவன் நூறு தடவை போய்வந்த பாதை. பாதி வழியில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"கீழ வந்தாச்சா?"

"வந்தாச்சு தாயி. சின்னமனூரு தெரியுது பாரு."

மஞ்சில் எதிர்மரம்கூடத் தெரியவில்லை. அவள் பார்த்ததாகத் தலையாட்டினாள். இன்னும் சில வளைவுகள் கழிந்தபின், தூளியின் கனம் மாறியது அவன் தோளுக்குத் தெரிந்தது. சீனிச்சாமியிடம் சொல்லவில்லை. சமவெளி வந்த பிறகுதான் இறக்கி வைக்கச் சொன்னான்.

மறுநாள் மார்க்கையன்கோட்டையில் அடக்கம். ஜெபம் முடிந்து உபதேசியார் கோயில் பதிவுப் புத்தகத்தை எடுத்துவந்தார். புருஷன் என்ற இடத்தில் ரேகை வைக்கச் சொல்லி மையை நகர்த்தினார்.

"நான் எழுதுறேன், குடுங்க" என்று சுகிர்தம் கை நீட்டினாள்.

"வேணாம்க்கா" என்று ஏசுதாசன் பேனாவை வாங்கினான்.

டிப்போக்காரர் ஒவ்வொரு சுமைக்கும் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக ஜூன் மாதத்திலிருந்தே, வேலைக்குப் போக முடியாத நாட்களில், மூன்றாவது வரை படித்த கிருபாவதி அடுப்புக்கரியால் லயத்துத் தரையில் எழுதிக் காட்டி அவனைப் பழக்கியிருந்தாள். காகிதத்தில் அவன் அதுவரை எழுதியதில்லை. ஏசுதாசன் என்று ஐந்து எழுத்தும் பிசகில்லாமல், கோட்டுக்கு மேலேயே நிற்கும்படி எழுதினான். உபதேசியார் பக்கத்தில் தேதியைப் போட்டார்: 1939 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை.