பூப்படம் மட்டும் போதும்

தை மாதக் கடைசியில் காலண்டர் ஆர்டர் வந்தது என்றால் சிவகாசியில் சிரிப்பார்கள். என் மாமாவும் சிரித்தார். ஆடியில் தொடங்கும் சீசன் மார்கழியோடு முடிந்துவிடும். பொங்கலுக்குப் பிறகு அவருடைய பைண்டிங் பட்டறையில் பசை வாளிகூடக் காய்ந்துதான் கிடக்கும்.

வந்தவர் ஈரான்காரர். மதுரையில் கல்லூரியில் படித்தார். விடுதியில் கற்றுக்கொண்ட தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார்.

"வருசம் பொறந்து ஒரு மாசமாச்சே தம்பி, இனிமே காலண்டர் யாரு வாங்குவா?" என்றார் மாமா.

"எங்க ஊர்ல வருசம் மார்ச்லதான் பொறக்கும், அண்ணே."

மாமா என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா தங்கச்சி? இது தெரியாம இம்புட்டு நாளா வருசத்துக்கு ஒரே சீசனோட காலத்தை ஓட்டிட்டோமே!"

அம்மா அங்கேதான் வேலை பார்த்தாள். எனக்குப் பத்து வயது. பள்ளி விட்டதும் நேரே பட்டறைக்குப் போய், அடுக்கி வைத்த அட்டைகளை எண்ணுவேன். யாரும் எண்ணச் சொன்னதில்லை. இன்றைக்கும் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் வெளியே கிளம்ப மாட்டேன். நாற்பது வயதுகூட ஆகவில்லை, மனைவி என்னைக் 'கிழவா' என்றுதான் கூப்பிடுகிறாள்.

அந்த ஈரான்காரர் கேட்டது தினமும் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர், முந்நூறு. தாளின் முன்பக்கம் தேதி, பின்பக்கம் அவர்கள் மொழியில் பொடி எழுத்தில் நாலைந்து வரிகள். மேலே அட்டையில் ரோஜாத் தோட்டம். "பூப்படம் மட்டும் போதும், அண்ணே. வேற எதுவும் வேண்டாம். கம்பெனி பேர்கூட வேண்டாம்" என்று அவர் போகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். டீ கொடுத்தபோது ஒரு நொடி கண்ணை மூடி, உதடு அசைய ஏதோ முணுமுணுத்துவிட்டுக் குடித்தார்.

மாமா அதைக் கவனித்துவிட்டார். ஈரான்காரர் போன பிறகு, "வேதக்காரப் பிள்ளை போல. செலவாகும்னு பயந்துக்கிட்டுப் பூப்படம் போதும்ங்கான்" என்றார். எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்போம். சாமி இல்லாத அட்டையை மாமா அதுவரை வெளியே அனுப்பியதில்லை. அது மொட்டை நெற்றியோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற மாதிரி என்பார். சர்ச் காலண்டர்களுக்கு வாங்கிய சிலுவை அச்சு பிளாக் அலமாரியில் இருந்தது. தங்க நிற ஃபாயிலும் மிச்சம் இருந்தது. முந்நூறு அட்டையிலும் ரோஜாவுக்கு மேலே சிறிதாக ஒரு சிலுவை அடித்தார்.

"சொல்லாதலே. வந்து பாத்து அவனே சந்தோசப்படட்டும்" என்றார் என்னிடம்.

ஊருக்கு விமானம் ஏறவிருந்த அவருடைய நண்பர் ஒருவர் வந்து, தயாராக இருந்த நாற்பதைக் காகிதம் சுற்றியபடியே வாங்கிப் போனார். பிரித்துப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் மீதியை எடுக்க இவர் வந்தார். மாமா முதல் கட்டைப் பிரித்து, வெளிச்சத்தில் சிலுவை மின்னும்படி சாய்த்துக் காட்டினார்.

அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. "அந்த நாப்பதுலயும் இருக்கா?" என்றார்.

"அம்புட்டுலயும் இருக்கு தம்பி. துட்டெல்லாம் வேணாம், நம்ம அன்பளிப்பு."

அவர் காகிதக் குப்பையின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர் பிறந்தது முஸ்லிம் குடும்பத்தில். அவரைப் போல மதம் மாறியவர்களை அங்கே அரசாங்கமே பிடித்துக்கொண்டு போகும். அவர்கள் மொழியில் ஜெபம் நடந்த சர்ச்சைப் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். வீட்டுக்குள் நாலு பேர் கூடி ஜெபித்தாலும் போலீஸ் வரும். பைபிள் கிடைத்தால் சிறை.

"அதனாலதான் காலண்டர், அண்ணே. பின்னால இருக்கிறது பைபிள் வசனம். காலைல ஒரு தாள் கிழி, படி, அடுப்புல போடு. வீட்டுல எதுவும் மிஞ்சாது. சோதனைக்கு வந்தவன் மேல பாத்தா, பூ. முன்னால பாத்தா, தேதி."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா சட்டைகூடப் போடாமல் அவரைக் கூட்டிக்கொண்டு டெலிபோன் பூத்துக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். கண்ணாடிக் கதவுக்குள் அவர் திரும்பத் திரும்ப எண்களை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நண்பர் முந்தின நாளே விமானம் ஏறியிருந்தார்.

மீதி இருந்த எல்லாக் காலண்டர்களிலும் தகரப் பட்டையை நெம்பி அட்டையைக் கழற்றினோம். பூப்படம் மட்டும் போட்ட புது அட்டையில் அம்மா ஒவ்வொன்றாக மாட்டினாள். அத்தனை தங்கச் சிலுவைகளையும் அடுப்பில் போடுகிறார்களே என்று எனக்கு அழுகை வந்தது.

சித்திரையில் அவர் மறுபடி வந்தார். இளைத்திருந்தார். விமான நிலையத்திலேயே நண்பரைப் பிடித்துவிட்டார்களாம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவருடைய தாய்க்குக்கூடச் சொல்லவில்லையாம். இவர் பெயரும் வெளியே வந்துவிட்டதால் இனி ஊருக்குப் போக முடியாதாம்.

"என்னைய நாலு வார்த்தை வஞ்சிட்டுப் போங்க தம்பி" என்றார் மாமா.

"நீங்க அன்பாத்தான் செஞ்சீங்க, அண்ணே" என்றார் அவர். அம்மா வைத்த டீ ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை.

அடுத்த சீசனில் வழக்கம்போல ஊர் சர்ச் காலண்டர் ஆர்டர் வந்தது. அட்டைகளை எண்ண உட்கார்ந்தேன். வேகமாகத் தட்டிக்கொண்டே போகிற மாமா, அந்த ஆர்டருக்கு மட்டும் ஒவ்வொரு சிலுவை அடித்ததும் இயந்திரத்தை நிறுத்தினார். அட்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகுதான் அடுத்ததை வைத்தார்.

எண்ணிக்கை விட்டுப்போகிறதே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஃபாயில் நேராக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார் போல, என்று நினைத்துக்கொண்டேன்.