விஞ்ச் பிடித்தவன்

மலேசியாவின் கூலாய் எண்ணெய் ஆலையில் நானும் அவனும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். கழுவுவதற்காக ஆளைக் கம்பியில் மாட்டித் தொட்டிக்குள் இறக்கும் விஞ்சை மேற்பார்வையாளர் அவனிடம் ஒப்படைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. விஞ்சைத் தாங்கும் முக்காலியின் கால்களைப் பூட்டி, மணல் மூட்டையைத் தொங்கவிட்டுச் சோதித்த பிறகுதான் என்னை இறங்க விடுவான்.

"பெரிய இன்ஜினியர் லா இவரு," என்று எல்லார் முன்னாலும் கிண்டலடிப்பேன்.

ஒருநாள் தொட்டியின் ஏணியில் என் கால் வழுக்கியது. முதுகில் மாட்டியிருந்த கம்பி சட்டென்று இறுகி என்னை அந்தரத்தில் நிறுத்தியது.

"பயப்படாதடா, பிடிச்சிருக்கேன்," என்று விஞ்சின் கைப்பிடியைச் சுழற்றி என்னை மேலே ஏற்றினான்.

அந்த ஞாயிறு என் மனைவி அவனை விருந்துக்கு அழைத்தாள்.

"நீங்க இல்லன்னா இவரு இல்லண்ணே," என்று மீனின் நடுத்துண்டை அவனுக்கு வைத்தாள்.

நன்றி இல்லாமல் இல்லை. ஆனால் என் தட்டில் வால் துண்டு விழுந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.